கொடிக்காலுக்குள் வராத நாட்கள்

சுருளியம்மாளுக்கு மாதத்தில் மூன்று நாள் வேலை கிடையாது. அந்த லீவை யாரும் கொடுக்கவில்லை, அவளும் யாரிடமும் கேட்டதில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்க்கிற பெண்கள், வீட்டுக்குத் தூரமான நாட்களில் உள்ளே கால் வைப்பதில்லை. வைத்தால் கொடி வாடிவிடும் என்பது நம்பிக்கை. செருப்பை வேலிக்கு வெளியே விட்டுவிட்டுப் போவது போல, இதுவும் பேச்சில்லாமல் நடந்துகொண்டிருக்கிற காரியம். வராதவளை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், நேற்றுவரை இருந்தவள் போல வேலையில் சேர்ந்துகொள்ளலாம்.

அவள் என் பெரியம்மா மகள். நான் கடல் தாண்டி டப்ளினுக்கு வந்து சேர்ந்தேன். அவள் சின்னமனூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலேயே இருக்கிறாள். புருஷன் கோட்டைச்சாமி குட்டியானை வண்டி ஓட்டுகிறார். வெற்றிலைக் கட்டுகளைக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குக் கொண்டுபோகிற வேலை. ஒரே மகள் கயல், பிளஸ் டூ படிக்கிறாள். கல்யாணமான வருடத்திலிருந்தே சுருளியக்கா கருத்தக்கண்ணன் அண்ணனின் கொடிக்காலில்தான் வேலை செய்கிறாள்.

அவளுடைய வேலை கொடி கட்டுவது. அகத்தி மரத்தைப் பிடித்து மேலே ஏறுகிற வெற்றிலைக் கொடியை, ஊறவைத்த கோரையால் மரத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு நசுங்கும். தளர்த்தினால் ஆடிக் காற்றில் கொடி சரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை, கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்ட கொடிகளை எல்லாம் கீழே இறக்கி, வேர்ப்பக்கம் சுருட்டி மண் அணைத்து, நுனியை மட்டும் மறுபடி மரத்தில் ஏற்றிக் கட்டுவார்கள். கொடி இறக்குவது என்று அதற்குப் பெயர். அந்த வேலைக்கு எல்லாரையும் உள்ளே விடமாட்டார்கள். சுருளியக்காவுக்கு அங்கே தனியாகச் சில வரிசைகள் உண்டு. "எம் வரிசை" என்றுதான் சொல்வாள், ஏதோ பட்டா அவள் பெயரில் இருப்பது போல.

மூன்று நாள் அவள் வீட்டில் என்ன செய்தாள் என்பது கொடிக்காலில் யாருக்கும் தெரியாது. சிமெண்டுத் தரையில் முழங்காலை நெஞ்சுவரைக்கும் மடக்கிப் படுத்துக்கிடந்தாள். வலி ஏறும்போது சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடிப்பாள். கோட்டைச்சாமி மச்சான் சோற்றை வடித்து, கடையில் சாம்பார் வாங்கி வைத்துவிட்டு வண்டிக்குப் போய்விடுவார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எல்லா அம்மாக்களும் மாதத்தில் மூன்று நாள் இப்படித்தான் தரையில் கிடப்பார்கள் என்று கயல் நினைத்திருந்தாளாம். சுருளியக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "பொம்பளப் பொழப்புன்னா இதுதானத்தா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். எனக்கும் அது தவறாகப் படவில்லை.

இப்போது யோசித்தால் எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எழுந்து நிற்கவே முடியாத நாட்களும், வேலைக்குப் போகக் கூடாத நாட்களும் ஒன்றாக விழுந்துவிட்டன. கூடாது என்பது முடியாது என்பதை மறைத்துவிட்டது. வேறு ஏதாவது கம்பெனியில் இருந்திருந்தால் சூப்பர்வைசர் ஒருவராவது என்ன நோய் என்று கேட்டிருப்பார். கொடிக்காலில் கேட்க அவசியமே இல்லாமல் போயிற்று.

பிறகு வலி அந்த மூன்று நாளுக்குள் அடங்காமல் வெளியே வர ஆரம்பித்தது. மாதத்தின் நடுவில், ஒன்றுமே இல்லாத நாளில், கொடி கட்டிக்கொண்டிருக்கும்போதே இடுப்பிலிருந்து தொடைவரை சுண்டி இழுக்கும். அகத்தி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கொடியைப் பார்ப்பது போல நிற்பாள். கொடிக்காலுக்குச் சொந்தக்காரரான கருத்தக்கண்ணன் அண்ணன் இதை எல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. அவர் மனைவி மாயக்காள் கவனித்தார்.

"என்னடி, மரத்துக்கிட்ட ரகசியம் பேசிக்கிட்டிருக்க?"

"இடுப்புப் பிடிப்பு மதினி."

"போன வாரமும் இடுப்புப் பிடிப்பு. ஒனக்கு இடுப்பே ஒரு பிடிப்பாத்தான் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், சுருளியக்காவும் சிரித்தாள்.

கயல்தான் வம்பு பண்ணித் தேனிக்குக் கூட்டிப்போனாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த பெண் டாக்டர், கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே ஒன்று வெளியிலும் அங்கங்கே ஒட்டி வளர்ந்திருக்கிறது, மாதாமாதம் உள்ளே நடப்பது அங்கேயும் நடக்கிறது, அதனால்தான் இந்த வலி என்று சொன்னார். சீட்டில் எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதியிருந்தது. கயல் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அன்று எனக்கு ஆபீஸ் வேலை ஓடவில்லை. கண்டதையும் படித்துப் பயந்துபோய், தமிழில் இதற்கு என்ன பெயர் என்று கலைச்சொல் அகராதியில் தேடி, போனில் அக்காவிடம் வாசித்தேன்: இடமகல் கருப்பை அகப்படலம்.

மறுமுனையில் சிரிப்பு வந்தது. "ஏத்தா, இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள வலியே எறங்கிப் போயிரும் போலருக்கே."

மாத்திரை கொடுத்தார்கள். வலி ஓரளவு குறைந்தது. ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும் சிலருக்கு, ஆரம்பத்தில் மாதக் கணக்கு இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படும். டாக்டருக்கு அது பெரிய விஷயம் இல்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சுருளியக்காவுக்கு அது கொடிக்கால் விஷயம். துளி பட்டாலும் தீட்டு தீட்டுத்தானே. வழக்கத்தை ஒருநாளும் மீறாதவள், பட்ட நாளெல்லாம் வீட்டில் இருந்தாள். ஒரு வாரம் இரண்டு நாள், அடுத்த வாரம் மூன்று நாள்.

"மாசத்துக்கு எத்தன தடவடி ஒனக்கு?" என்று மாயக்காள் மதினி எல்லார் முன்னாலும் கேட்டார். "ஊரு ஒலகத்துல இல்லாததா இருக்கே."

சுருளியக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள், யாரிடமும் சொல்லாமல். அடுத்த மாதம் வலி பழைய பாக்கியையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மறுபடி தேனிக்குப் போனபோது டாக்டர் திட்டினார். பிறகு என்ன வேலை, எங்கே வேலை என்று விசாரித்து, ஏன் நிறுத்தினாள் என்பதையும் கேட்டுக்கொண்டாராம். மாத்திரையை மாற்றித் தருகிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் ஸ்கேனுக்கு வர வேண்டும், அதோடு வலிக்காக அக்குபஞ்சரும் செய்து பாருங்கள் என்று, இயற்கை மருத்துவம் படித்த ஓவியா என்கிற டாக்டரிடம் அனுப்பினார். புது மாத்திரையிலும் முதல் சில வாரம் படத்தான் செய்தது. பிறகு அடங்கியது. ஆனால் நடுமாத வலி மட்டும் முழுக்கப் போகவில்லை. அந்த வலிக்குத்தான் ஊசி.

ஓவியா சின்ன வயதுப் பெண். ஊசியை எடுத்துக் காட்டியதும் சுருளியக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மருந்து எங்கம்மா?"

"மருந்து கிடையாதுங்க. ஊசி மட்டும்தான்."

"வெறும் ஊசியா? அப்ப எதுக்குக் குத்துறீக?"

பக்கத்துக் கட்டிலில் கழுத்து வலிக்குக் குத்திக்கொண்டு கிடந்த ஆட்டோக்காரர் சிரித்துத் தலையை ஆட்டப் போக, "அசையாதீங்கண்ணே" என்று ஓவியா அதட்டினாள். பிறகு அக்காவுக்கு விளக்கினாள். இந்தந்த இடத்தில் குத்தினால் வலியைத் தூக்கிப்போகிற நரம்புகள் கொஞ்சம் அமைதியாகும், இறுகிக்கிடக்கிற தசை தளரும். நோயை இது கரைக்காது. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. உங்களுக்கு எப்படி என்று சில வாரம் பார்த்தால்தான் தெரியும்.

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னு சொல்லுங்க. நிறுத்திடலாம்."

இந்தப் பதில் சுருளியக்காவுக்குப் பிடித்துவிட்டது. கேட்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

ஒவ்வொரு முறையும் ஊசியைப் புதுசாகப் பிரிக்கிறார்களா, பழைய ஊசியாக இருந்துவிடப் போகிறது, கையுறை போடுகிறார்களா என்று நான் இங்கிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் பிரித்த உறைகளைப் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே அவளுடைய இரண்டு காலும் இருந்தன, கணுக்காலுக்கு மேலேயும் முட்டிக்குக் கீழேயும் ஊசிகள் நிற்க. கீழே ஒரு குரல் பதிவு: "பாத்துக்க. முள்ளம்பன்னி மாதிரி ஆக்கிவச்சிருக்காக. வலியெல்லாம் இல்லத்தா. கட்டெறும்பு யோசிச்சு யோசிச்சுக் கடிச்சாப்புல இருக்கு."

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: ஊசியோடு படுத்தால் தூக்கம் வருகிறது. பகலில் அவள் வலியில்லாமல் படுத்தது அங்கேதான். குறட்டை விட்டதாக ஆட்டோக்காரர் புகார் சொன்னார். வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று ஓவியா கேட்டால், இவளுக்கு எண்ணாகச் சொல்ல வராது. "போன வாரம் அகத்திக் கட்ட ஒத்தையாத் தூக்குற வலி. இந்த வாரம் ரெண்டு பேரு சேந்து தூக்குற வலி" என்பாள். ஓவியா அதையே எழுதிக்கொண்டாள்.

அதற்கடுத்த மாத நடுவில் வலி வந்தது. ஆனால் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டது என்று சொன்னாள். முழுக்கப் போகவில்லை. மரத்தைப் பிடிக்காமல் நிற்க முடிந்தது, அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவசரத்துக்கு, உள் கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி வைக்கவும் ஓவியா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் மழை வந்தது. நாலைந்து நாள் விடாமல் அடித்த மழை. மேகமலைப் பக்கத்து ஓடையெல்லாம் நிரம்பி, கொடிக்கால் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நின்றது. மழை விட்டபின் பார்த்தால், ஒரு வரிசை முழுக்கக் கொடிகள் அடியிலிருந்து மஞ்சளித்து வாடிப்போயிருந்தன. அது சுருளியக்காவின் வரிசை.

மாயக்காள் மதினி ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். மாதம் பூராவும் தூரம் தூரம் என்று வீட்டில் இருந்தவள், இப்போது திடீரென்று ஒழுங்காக வேலைக்கு வருகிறாள். நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவரே பார்த்திருக்கிறார். கூலி போய்விடுமே என்று மறைத்து உள்ளே வந்திருக்கிறாள்.

"தண்ணி தேங்குனா வேரு அழுகும்டி. எங்கப்பன் காலத்துலருந்து நடக்குறதுதான" என்றார் கருத்தக்கண்ணன் அண்ணன்.

"பக்கத்து வரிசையிலயும் தண்ணிதான் நின்னுச்சு. அது ஏன் வாடல?"

"அது மேடு."

"ஆமா, நீரு மேட்டையும் பள்ளத்தையும் பாத்துக்கிட்டே இரும்."

சுருளியக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. வேலிக்கு வெளியே கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே வர வேண்டாம். இன்னும் சில வாரத்தில் கொடி இறக்க வேண்டும். அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் மதினி. கோட்டைச்சாமி மச்சான் போய்ச் சண்டை போடுகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். "என்னன்னு சண்ட போடுவீக? எம்பொண்டாட்டி தீட்டோட வரலன்னா? நாலு பேருக்கு நடுவுல நின்னு நீங்க அதச் சொல்லுவீகளா?" மச்சான் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுக்குகிற வேலை நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்வது. நிற்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வலி. ஊசிக்குப் போகிற நாள்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். என்னிடம் பேசும்போது வலியைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "எம் வரிசைய எவளோ எறக்கப் போறாத்தா. கோரைய இறுக்கித் தண்ட நசுக்கிப்புடுவா" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

ஒரு மத்தியானம் கொட்டகையில் வலி வந்தது. வெற்றிலை கிள்ளுகிற ஆட்கள் இலைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுச் சாப்பாட்டுப் போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். சுருளியக்கா காலை நீட்டி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். கண்ணைத் திறந்தபோது மாயக்காள் மதினி எதிரில் நின்றிருந்தார்.

"என்னடி பண்ற? மந்திரம் போடுறியா எங்கொடிக்காலுக்கு?"

இதற்குப் பிறகு நடந்ததை அக்கா ஒரு மாதிரி சொல்கிறாள், மதினி ஒரு மாதிரி சொல்கிறார். அக்கா மெதுவாகத்தான் பேசினாளாம். மதினி கேட்டால், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள் என்கிறார். சொன்ன வார்த்தைகளில் மட்டும் இருவருக்கும் வித்தியாசம் இல்லை.

"மதினி, ஒரே ஒருக்கக் கேட்டுக்கங்க. தீட்டு அன்னைக்கு நான் கொடிக்காலுக்குள்ள வந்ததே கெடையாது. வந்திருக்கவும் முடியாது. அந்த மூணு நாளும் எனக்கு எந்திரிச்சுக் கக்கூசுக்குப் போறதே பெரும்பாடு. தரையில உருண்டுக்கிட்டுக் கெடப்பேன். எங்கிட்டு வர்றது ஒங்க கொடிக்காலுக்கு? நான் வயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது தீட்டு இல்ல, நோவு. கர்ப்பப்பைக்கு வெளிய சதை வளருது. ஸ்கேன்ல இருக்கு. அதுக்குத்தான் வாராவாரம் தேனிக்குப் போயி ஊசி குத்திக்கிட்டு வாரேன், நிண்டு கொடி கட்டணும்னு."

கிள்ளுகிற ஆண்கள் போசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருத்தக்கண்ணன் அண்ணன் அப்படியே திரும்பி மோட்டார் அறைப் பக்கம் நடந்துவிட்டார். அந்தக் கொட்டகையில் கர்ப்பப்பை என்கிற சொல் அதற்கு முன்னால் சத்தமாகக் கேட்டிருக்க வழியில்லை.

மாயக்காள் மதினி "சோத்தத் திங்கப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதோடு வேலை போயிற்று என்றுதான் சுருளியக்கா நினைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கயலிடமும் அப்படித்தான் சொன்னாள். நானும் இங்கே அன்று சரியாகச் சாப்பிடவில்லை. வேறு எங்காவது வேலைக்குச் சொல்லிவைக்கலாமா என்று யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து மதினி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கயலை உள்ளே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எம்மக மகாலட்சுமி இருக்காள்ல, பெரியகுளத்துல ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறவ. மாசாமாசம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துருவா. மூணு நாளும் நீ சொன்ன மாதிரித்தான், உருண்டுக்கிட்டுக் கெடப்பா. நானும் நடிக்கிறான்னுதான் நெனச்சேன், படிக்க வலிக்குதாக்கும்னு. அதுவும் இதுதானாடி?"

"எனக்கென்ன தெரியும் மதினி, நான் என்ன டாக்டரா? எல்லாருக்கும் இதாத்தான் இருக்கும்னு இல்ல. ஆனா உருளுறது சும்மா உருள மாட்டா. பெரிய டாக்டரம்மாகிட்ட காட்டி மொதல்ல ஸ்கேன் பாருங்க."

"கல்யாணம் கட்ட வேண்டிய பிள்ள. ஸ்கேனுக்குப் போனான்னு தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாகளே."

"நாந்தான் கொட்டகையிலயே சொல்லிட்டேனே. பேசுறவுக மொதல்ல என்னயப் பேசி முடிக்கட்டும். அதுக்குள்ள நீங்க பாத்துட்டு வந்துருங்க."

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க வாசலில் கிடந்த செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். சுருளியக்கா அப்போதுதான் கேட்டாள்.

"கொடி எறக்குறது எப்ப மதினி?"

"வர்ற திங்கக்கெழம."

"நான் வரட்டா?"

மதினி செருப்பை மாட்டிக்கொண்டே, "அதுக்குள்ள ஒனக்கு ஆயிட்டா?" என்றார்.

"ஆயிட்டா வரல. வழக்கத்துக்காக இல்ல மதினி. வலிக்கும்."

"வாடினதுக்கெல்லாம் புதுக் கொடி நட்டாச்சு. அது வேர் பிடிக்கட்டும், தொடாத. மிச்சத்த எறக்கு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

திங்கட்கிழமை சுருளியக்கா உள்ளே போனாள். அன்றும் மறுநாளும் கொடிகளை இறக்கிச் சுருட்டி, மண் அணைத்து, நுனிகளை ஏற்றிக் கட்டினாள். புதன்கிழமை காலையில் எழுந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் என்றால் பேசாமல் பாயை விரித்துப் படுத்திருப்பாள். கயலிடமிருந்து போனை வாங்கி, மாயக்காள் மதினிக்குக் கூப்பிட்டாள்.

"மதினி, இன்னைக்கு எனக்கு வலி. வரல."

"ரொம்பவா?"

"முன்ன மாதிரி இல்ல. ஆனா நிக்க முடியாது."

"சரி, படு. ஒன் வரிசையில எவளும் கை வைக்க மாட்டா. வந்து எறக்கிக்க."